லோ பண்ணின காரின் டயர் உள் ஓரத்தில் தேய்கிறதா? நீங்களே பார்க்கும் வழி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வைத்திருக்கும் பசங்க நிறைய பேர் லோயரிங் ஸ்பிரிங் (உயரம் குறைந்த ஸ்பிரிங்) போட்டு வண்டியின் உயரத்தை இறக்கிவிடுகிறார்கள். இதைத்தான் லோ பண்ணுவது என்கிறோம். பார்க்க அழகுதான், வளைவில் வண்டி சாய்வதும் குறைகிறது. ஆனால் அதற்கப்புறம் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்காமல் ஓட்டினால், முன் டயரின் உள் ஓரம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும். பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அந்த ஓரம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. புதிதாக வண்டியை இறக்கியவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

ஏன் தேய்கிறது?

நம் ஊர் சின்ன கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது). வண்டி இறங்கும்போது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறுகிறது. அதனால் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்கிறது. சக்கரத்தின் இந்தச் சாய்வுதான் கேம்பர், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் கேம்பர். கூடவே, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் மாறி, சக்கரங்களின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடுகிறது. இது டோ. உள்ளே திரும்பினால் டோ-இன், வெளியே திரும்பினால் டோ-அவுட். எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஸ்டீயரிங் ராக் (டை ராடை இடம் வலமாக நகர்த்தும் பகுதி) முன் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, வண்டிக்கு வண்டி மாறும்.

எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்கிறார்கள். என் கருத்தில் டயரைத் தின்பது டோதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டயரின் விட்டம் சுமார் 600 மி.மீ. அதன் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 3 மி.மீ. வித்தியாசம் வரும்படி ஒரு சக்கரம் திரும்பியிருந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் 5 மி.மீ. பக்கவாட்டில் தரையில் உரசுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 5 மீட்டர். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கி.மீ. ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் 700 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டிருக்கும். கேம்பர் ஒரு டிகிரி கூடினால் தேய்மானம் மெதுவாகத்தான் ஏறும். டோவும் கெட்டு கேம்பரும் சாய்ந்திருந்தால், அந்த உரசல் பெரும்பாலும் உள் ஓரத்தில் விழும்.

முதல் படி: டயரைக் கையால் படியுங்கள்

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்புங்கள். தரையில் படும் பகுதி உள் ஓரம் வரை தெரியும். பின் டயருக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளங்கையை டயரின் குறுக்கே வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குத் தடவுங்கள். அப்புறம் உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு பக்கம் வழவழவென்று போய், எதிர்ப்பக்கம் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் டோ கெட்டிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது பிடித்தால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது பிடித்தால் டோ-அவுட். எந்தப் பக்கமும் பிடிக்காமல் உள் ஓரம் மட்டும் மழமழவென்று குறைந்திருந்தால் அது கேம்பர் வேலை. கம்பி வெளியே வந்த டயரில் மட்டும் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.

டெப்த் கேஜ் (டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் கருவி) ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயரை மாற்றியாக வேண்டும். நடுவில் 5 இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், உள் ஓரத்தில் இருக்கும் அளவுதான் கணக்கு.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்களுக்கு முன் டயரின் வெளி ஓரமும் தேயும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: அலைன்மென்டுக்கு முன்னால் வண்டியைத் தயார் செய்யுங்கள்

புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கே அலைன்மென்ட் செய்தால் அது நிலைக்காது. சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர வேண்டும். அதுவரை டோவை மட்டும் ஓரளவு சரிசெய்து பொறுமையாக ஓட்டுங்கள்.

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் உள்ள போல்ட்டை முடுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் மாற்றுகிற கடையில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது.

பால் ஜாயின்ட் (லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் மூட்டு), டை ராட் எண்ட் (டை ராடின் முனை), வீல் பேரிங் மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆடுகிற சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்ப்பது காசுக்குக் கேடு.

காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். மே மாதம் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மத்தியானம் வெயிலில் நின்ற டயரில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கியிருந்தால், மேலே படிக்கும் முன் அதை மாற்றுங்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது வெட்டின ஸ்பிரிங் தான் அமரும் இடத்தை விட்டு நழுவக்கூடும். எந்த அலைன்மென்டும் அதைக் காப்பாற்றாது.

மூன்றாம் படி: வீட்டிலேயே நூல் பிடித்துப் பார்ப்பது

இதற்குக் கொத்தனார் நூல், தூக்குக்குண்டு, ஸ்டீல் ஸ்கேல் போதும். சமதளமான தரை வேண்டும். சந்தேகம் இருந்தால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பாருங்கள்.

வண்டியை முன்னால் உருட்டி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். ஜாக்கி போட்டு இறக்கிய பிறகு உருட்டாமல் அளக்காதீர்கள். வண்டியின் இரு பக்கமும், சக்கரத்தின் நடு உயரத்தில், முன்னிருந்து பின் வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் சக்கரங்களின் நடுவிலிருந்து நூலுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கும் அப்படியே. முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறுபடலாம், ஏனென்றால் பல வண்டிகளில் முன் பின் அகலம் ஒன்றல்ல. இந்த ஒரு வேலைக்கு நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். நூல் கோணலாக இருந்தால் அப்புறம் அளப்பதெல்லாம் தப்பு.

இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கும், பின் விளிம்பிலிருந்து நூலுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். முன் விளிம்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்தால் டோ-அவுட், தள்ளி இருந்தால் டோ-இன். கேம்பருக்குத் தூக்குக்குண்டை டயரின் மேலிருந்து தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளங்கள். 400 மி.மீ. உயரத்தில் 7 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி.

நான்காம் படி: கடையில் என்ன கேட்பது

பல கடைகளில் “அண்ணா, டோ மட்டும் பார்த்துடலாமா?” என்பார்கள். லோ பண்ணின வண்டிக்கு நான்கு சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தனியாக ஓட்டுகிறவர் என்றால், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து டோ வைக்கச் சொல்லுங்கள். இறங்கிய வண்டியில் எடை ஏற ஏற டோ மாறும்.

போகும்போது இரண்டு பலகைத் துண்டு எடுத்துப் போங்கள், முன் பம்பர் ரேம்பில் இடிக்கலாம். தாழ்ந்த பம்பர், அலைன்மென்ட் மெஷினின் சென்சார் ஒளியை மறைக்கவும் வாய்ப்புண்டு. திரையில் அளவு தாவிக்கொண்டே இருந்தால் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

முன் டோ கம்பெனி சொன்ன அளவுக்குள், முடிந்தவரை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கேம்பர் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் வரை இருந்தாலும், டோ சரியாக இருந்தால் சமாளிக்கலாம். இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சாய்ந்திருந்தால் கேம்பர் போல்ட் (சாய்வைத் திருத்த உதவும் போல்ட்) போடலாம். பின்பக்கம் பெரும்பாலும் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), அதில் திருப்ப ஒன்றும் இருக்காது. அளவு தப்பாக வந்தால் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) வைக்க வேண்டும், இல்லை பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம்?

5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் டயரை மாற்றிப் போடுங்கள். திசை அம்புக்குறியோ உள், வெளி என்ற குறியோ இல்லாத டயர் என்றால், ரிம்மிலிருந்து கழற்றி உள் ஓரம் வெளியே வரும்படி திருப்பியும் போடலாம். பேலன்ஸிங் கட்டாயம். அலைன்மென்ட் செய்து 1,000 கி.மீ. ஓடியதும் டெப்த் கேஜை எடுத்து அதே மூன்று இடத்தில் அளந்து, பிரிண்டின் பின்பக்கம் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். உள் ஓரம் மற்ற இரண்டு இடத்தை விட வேகமாகக் குறைந்திருந்தால், அதே காகிதத்தோடு கடைக்குத் திரும்பப் போங்கள்.