நவம்பர் 22: ஒரு தேதியை வைத்து ஒரு மணி நேர இசை நிகழ்ச்சி அமைப்பது எப்படி?

சமுதாய வானொலியோ, கல்லூரி இசை மன்றமோ, பங்குப் பாடகர் குழுவோ, யார் 'இன்றைய நாள்' நிகழ்ச்சி போட்டாலும் பெரும்பாலும் ஒரே கதிதான். இணையத்தில் தேதியைத் தட்டுவார்கள். வந்த பிறந்தநாள், இறந்தநாள், விடுதலை நாள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வாசிப்பார்கள். நடுநடுவே ஒரு பாட்டு. கேட்பவருக்குப் பஞ்சாங்கம் படித்த மாதிரி இருக்கும். அந்த நாளில் தற்செயலாக விழுந்தது எது, அந்த நாளுக்காகவே செய்யப்பட்டது எது என்று பிரித்துக்கொண்டால்தான் நிகழ்ச்சிக்கு முதுகெலும்பு கிடைக்கும். நவம்பர் 22-ல் இரண்டு வகையும் தாராளமாக இருப்பதால் பழகுவதற்கு நல்ல நாள்.

முதல் வேலை துண்டுச்சீட்டு. ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. அதில் நான்கு விவரம்: என்ன நடந்தது, எந்த ஊரில், எந்த நாட்காட்டிப்படி, இந்த நாளோடு அதற்கு என்ன உறவு. கடைசி விவரத்துக்கு 'அதே தேதி' என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத சீட்டைத் தனியாக அடுக்குங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது.

இந்த நாளின் முதுகெலும்பு புனித செசிலியா. ரோமில் தன் விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சி. கத்தோலிக்கத் திருச்சபை இவரை இசைக்கலைஞர்களின் பாதுகாவலராக நவம்பர் 22-ல் நினைவுகூர்கிறது. பழைய கதைப்படி, திருமணத்தில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்க, இவர் மனத்துக்குள் இறைவனைப் பாடினார். வாசித்தவர்கள் வேறு ஆட்கள்! கையில் ஆர்கன் வாத்தியத்தோடு நிற்கும் படங்கள் எல்லாம் பிற்காலத்தவை. 'ஆர்கனைக் கண்டுபிடித்தவர்' என்று அறிவிப்பில் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடனே 1697-ல் அப்படிப் புகழ்ந்திருக்கிறார். கவிஞருக்கு அது ஆகும், அறிவிப்பாளருக்கு ஆகாது.

இந்த நாளுக்கென்றே எழுதப்பட்ட இசை லண்டனில் ஒரு சங்கிலியாகவே கிடைக்கிறது. 1683-லிருந்து அங்கே இசைக்கலைஞர்கள் கூடி செசிலியா விழா எடுத்தார்கள். அந்த முதல் விழாவுக்கே ஹென்றி பர்செல் இசையமைத்தார். 1692 விழாவுக்கு அவர் எழுதியது இன்னும் பெரிய படைப்பு. டிரைடன் 1687 விழாவுக்கு எழுதிய கவிதைக்கு ஹாண்டெல் புதிதாக இசையமைத்து, 1739 நவம்பர் 22 அன்று லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் அரங்கேற்றினார். பிறகு ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். 1913-ல் இதே நாளில் பிறந்தவர். டபிள்யூ. எச். ஆடன் எழுதிய வரிகளுக்கு அவர் அமைத்த செசிலியா துதி 1942-ல் இதே நாளில் முதன்முதலாக ஒலித்தது. நியூயார்க்கில் சுங்க அதிகாரிகள் கைப்பிரதியைப் பறித்துக்கொள்ள, ஊர் திரும்பும் கப்பலில் நினைவிலிருந்து மறுபடி எழுதி முடித்தார். வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் செய்தி, கேட்பவர் மனத்தில் நிற்கும்.

தேதியில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நாட்காட்டி. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. ஹாண்டெலின் அரங்கேற்றம் நம் கணக்கில் டிசம்பர் 3. பர்செலின் 1692 விழா டிசம்பர் 2. (1700-க்கு முன் வித்தியாசம் 10 நாள், பின் 11.) இதைப் பார்த்துப் பதறி அவற்றை டிசம்பருக்குத் தள்ள வேண்டாம். அவர்கள் தங்கள் நாட்காட்டியில் செசிலியா திருநாளைக் கொண்டாடினார்கள், உறவு திருநாளோடுதான். '287 ஆண்டுகளுக்கு முன் சரியாக இதே நாளில்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு, ஒரு நாள் தள்ளிப்போவது. பர்செல் இறந்தது 1695 நவம்பர் 21, திருநாளுக்கு முந்தின நாள். அழகுக்காக அதை 22-க்கு இழுப்பவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னாலே அழகு குறைவதில்லை.

மூன்று, நேர வித்தியாசம். 1963-ல் டல்லஸில் கென்னடி சுடப்பட்டது அங்கே பகல் 12.30. இந்தியாவில் அப்போது சரியாக நள்ளிரவு 12 மணி, அதாவது 23 பிறக்கும் நேரம். சொல்வதென்றால் 'டல்லஸ் நேரப்படி' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதே நாளில் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. 1968-ல் அவர்களுடைய வெள்ளை உறை இரட்டைத்தட்டும் அங்கே 22-ல்தான் வந்தது, அமெரிக்காவில் 25-ல். இசைத்தட்டையும் கொலையையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடாதீர்கள். அவற்றுக்கிடையே ஒரு தொடர்பும் இல்லை.

லெபனானின் விடுதலை நாளுக்கு (1943) ஒரு வரி போதும். அமெரிக்க நன்றி நவிலும் நாள் நவம்பரின் நான்காவது வியாழன். 22 அதற்கு மிக முந்திய தேதி. 2018-ல் அப்படி அமைந்தது, இனி 2029-ல்தான். நகரும் பண்டிகையை நிலையான பட்டியலில் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். தியாகராஜர் ஆராதனையும் இந்த வகைதான்: அவர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்றாலும், திருவையாறு கூடுவது புஷ்ய பகுள பஞ்சமித் திதியில்.

தமிழ் நேயருக்கு இந்த நாளில் மிக நெருக்கமான பெயர் பாலமுரளிகிருஷ்ணா. 2016 நவம்பர் 22 அன்று சென்னையில் மறைந்தார். தேதி ஒத்தது தற்செயல்தான். ஆனால் ஒதுக்கிவைத்த அடுக்கிலிருந்து எடுக்கவேண்டிய முதல் சீட்டு இதுவே. 1965-ல் 'திருவிளையாடல்' படத்துக்காக அவர் பாடிய 'ஒரு நாள் போதுமா'வை எல்லோரும் தேர்வு செய்வார்கள். ராகப் பெயர்கள் அடிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ராகமாலிகை, கேட்கக் கேட்க அலுக்காது. ஆனால் படத்தில் அது ஹேமநாத பாகவதரின் செருக்கைக் காட்டும் பாட்டு. அஞ்சலியாகக் கடைசியில் வைத்தால் பொருந்தாது. நிகழ்ச்சியின் வாசலில் வையுங்கள், கலகலப்பாகத் தொடங்கும். முடிவுக்கு அவரே உருவாக்கிய லவங்கி ராகத்தில் ஒரு பாடல். ச, ரி, ம, த என்று நான்கே சுரம்.

இனி 60 நிமிடக் கணக்கு. பேச்சு மொத்தமும் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஹாண்டெலின் படைப்பு முழுதும் ஏறக்குறைய 50 நிமிடம், அதனால் துண்டுகள்தான். டிரைடன் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்கிறார், ஹாண்டெல் அந்தந்த வாத்தியத்தையே முன்னால் நிறுத்துகிறார்: எக்காளம், புல்லாங்குழல், வயலின், ஆர்கன். எக்காளப் பாடல், புல்லாங்குழல் பாடல், இறுதிக் குழுப்பாடல் மூன்றையும் எடுங்கள். இறுதிப் பாடலில் பெண்குரல் துணையில்லாமல் ஒரு வரி பாட, குழுவும் வாத்தியங்களும் திரண்டு அதையே திருப்பிச் சொல்லும். நம் பஜனையில் கேட்டுப் பழகிய அமைப்பு என்பதால் மேற்கத்திய இசை தெரியாதவரும் உடனே பிடித்துக்கொள்வார். பிரிட்டனின் துதி 10 நிமிடத்துக்குச் சற்று மேலே; அதை வெட்டக் கூடாது. ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு நேரம் மாறும், எனவே கையிலிருக்கும் பதிவை ஓடவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் இரண்டு சிக்கல் வரும். பிரிட்டனின் துதி வாத்தியமே இல்லாமல் மெல்லத் தொடங்கும். அதோடு ஒப்பிட்டால் சினிமாப் பாட்டு காதை அறையும். எல்லாப் பதிவின் உரத்த இடங்களையும் முன்கூட்டியே ஒப்பிட்டு அளவை வையுங்கள். இன்னொன்று சுருதி. பழங்கால வாத்தியங்களில் வாசித்த பர்செல், ஹாண்டெல் பதிவுகள் பெரும்பாலும் இன்றைய சுருதிக்கு ஏறக்குறைய அரைக்கட்டை கீழே இருக்கும். இடைவெளியை நிரப்ப மின்தம்புராவை ஓடவிட்டால் அபசுரமாகிவிடும். இரண்டு விநாடி மௌனமே மேல்.

உரிமம் பற்றி: பாடல் வேறு, ஒலிப்பதிவு வேறு. பர்செலும் ஹாண்டெலும் பொதுச்சொத்து, ஆனால் அவர்களைப் புதிதாகப் பதிவுசெய்த தட்டு அப்படியல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பாடலுக்கு ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பிரிட்டன் 1976-ல் இறந்தார், ஆகவே 2036 முடியும்வரை அனுமதி வேண்டும். 1965 படப்பாட்டின் ஒலிப்பதிவுக் காலம் 2025-ஓடு முடிந்தாலும், கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கிறது.

பாடகர் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. 2026-ல் நவம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை. அது கிறிஸ்து அரசர் பெருவிழா. செசிலியாவின் நினைவு அந்த ஆண்டு திருப்பலியில் இடம்பெறாது. மறைசாட்சிக்கான சிவப்பும் கிடையாது, அன்று வெள்ளை. பீடத்தைச் சிவப்பில் அலங்கரித்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் போய் நிற்காதீர்கள். திருப்பலிப் பாடல்களைப் பெருவிழாவுக்கே விட்டுவிட்டு, செசிலியா நிகழ்ச்சியை அன்று மாலை தனிக் கச்சேரியாக வையுங்கள். 2027-ல் 22 திங்கள், அப்போது இந்தச் சிக்கல் இல்லை.