லிசெஸ் அரீனா: கடைசி ஐந்து நிமிடம்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் லீவு நாளில் போனில் லிசெஸ் அரீனா (லிசெஸ் செஸ் தளத்தில், குறித்த நேரம் முடியும்வரை அடுத்தடுத்து ஆடிப் புள்ளி சேர்க்கும் போட்டி) ஆடும் பிள்ளைகளுக்கு: வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. அடுத்தடுத்து இரண்டு ஜெயித்தால் தீ பற்றிக்கொள்ளும், அதாவது தீக் குறி வந்து புள்ளி இரட்டிப்பாகும். அடுத்த வெற்றிக்கு 4. தீ எரியும்போது டிராவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பெர்சர்க் என்ற பொத்தானை அழுத்தினால் உங்கள் நேரம் பாதி, ஜெயித்தால் கூடுதலாக 1. நிதானமாக யோசிப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

பலர் கோட்டை விடுவது கடைசியில்தான். போட்டி நேரம் முடிந்த நொடியில் பாதியில் நிற்கும் ஆட்டம் கணக்கில் வராது, ஒரு ராணி அதிகம் வைத்திருந்தாலும் சரி. ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே மளமளவென்று நகர்த்தி ஆட்டத்தை முடியுங்கள். அப்புறம், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் வைஃபையை நம்பாமல் மொபைல் டேட்டாவுக்கு முன்பே மாறிவிடுங்கள்.