பழகிய முடிச்சில் ஒரு வரலாற்றுக் காதல் சிறுகதை எழுதுவது எப்படி?

வரலாற்றுக் காதல் கதையைக் கையில் எடுக்கும் வாசகருக்கு அதன் முடிவு முன்னரே தெரியும். பகையில் தொடங்கும் காதல், வசதிக்காகச் செய்துகொள்ளும் திருமணம், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகும் இணை, ஆண்டுகள் கழிந்து திரும்பி வரும் பழைய காதலன் என்று இக்கதைகளின் முடிச்சுகள் எல்லாமே அவர் பலமுறை படித்தவைதான். ஆயினும், தெரிந்த ராகத்தை இன்னொருவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்க வருபவரைப் போல, அவர் திரும்பத் திரும்ப வருகிறார். சிறுகதை எழுதுபவருக்கு இது பெரிய வசதி. பாதிப் பின்னணியை வாசகரே மனத்தில் கொண்டு வந்துவிடுவதால், மிச்சமாகும் பக்கங்களை இருவரின் மனப்போராட்டத்துக்குச் செலவிடலாம்.

முடிச்சு பழையது என்பதால், அந்தப் போராட்டத்துக்குப் புதுமை தருவது கதை நிகழும் காலம்தான். எனவே முடிச்சைத் தேர்ந்தெடுத்தவுடன், அக்காலத்தின் எந்தச் சட்டம் அல்லது வழக்கம் அதை இறுக்கியது என்று தேடுங்கள். இவ்வகைக் கதைகள் மிகுதியாக நிகழும் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1753இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் அந்தத் தடை இல்லை. சாட்சிகள் முன்னிலையில் உறுதி சொன்னாலே போதும். எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிப்போகும் காதலர்களின் புகலிடமானது இதனால்தான். லண்டனிலிருந்து அவ்வூர் 300 மைலுக்கும் மேல். குதிரை வண்டியில் நாள்கணக்கான பயணம். துரத்தி வரும் தந்தையின் வண்டி, வழியில் முறியும் சக்கரம், விடுதியில் மிஞ்சியிருக்கும் ஒரே அறை ஆகியவை அந்தச் சட்டமும் அந்தத் தொலைவும் சேர்ந்து ஈன்ற காட்சிகள். 1856க்குப் பிறகு, இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. துரத்தலை விட்டுவிட்டு, அந்த 21 நாள் காத்திருப்பையே கதையாக்கினால் இன்னும் சுவையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வசதிக்கான திருமணம் இதைவிட ஆழமான முடிச்சு. 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அங்கே மணமான பெண்ணின் சொத்தில் பெரும்பகுதி கணவனின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். செல்வக் குடும்பங்கள் மட்டும் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பங்கைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்துக் காத்தன. இது தெரிந்த எழுத்தாளர் நாயகியின் தயக்கத்தை நாணம் என்று எழுதிக் கடந்துவிட மாட்டார். அது தன் எதிர்காலத்தைப் பணயம் வைப்பவளின் தயக்கம். கடனில் மூழ்கிய நாயகன் அவளுடைய சொத்தைத் தான் தொடவே முடியாதபடி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் தானே முன்வந்து கையொப்பமிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவன் காதல் வசனம் பேச வேண்டியதில்லை.

எனக்குச் சற்றும் பிடிக்காதது, ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடக்கூடிய தவறான புரிதல். அதைக் கையாண்டே ஆகவேண்டுமென்றால், பேச முடியாமைக்கு வலுவான காரணம் காட்டுங்கள். பிரிட்டனில் 1840இல், ஒரு பென்னிக் காசுக்கு நாட்டுக்குள் எங்கும் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை வருவதற்கு முன்பு, தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்த கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே செலுத்தினார். கையில் காசில்லாத ஒருத்தி, தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள் என்றால், ஐந்தாண்டுப் பிரிவையும் வாசகர் நம்புவார்.

நடனம், உடை, விளக்கொளி ஆகியவற்றுக்கு ஓரிரு வரி போதும். ஒரு முடிச்சு, இரண்டு அல்லது மூன்று காட்சிகள், முடிவுக்கு மிக அருகில் ஒரு தொடக்கம் என்ற அளவில் நில்லுங்கள். பகையையும் ஓட்டத்தையும் பழைய காதலையும் ஒரே சிறுகதையில் அடைத்தால் எதற்கும் மூச்சுவிட இடமிருக்காது.

எழுதி முடித்த பிறகு, கதையின் ஆண்டை நூறு ஆண்டுகள் தள்ளி வைத்துப் படியுங்கள். அப்போதும் எதுவும் குலையாமல் கதை நடந்துவிட்டால், காலம் இன்னும் உடையில் மட்டுமே இருக்கிறது என்று கொண்டு, தடையை அக்காலச் சட்டத்திலோ வழக்கத்திலோ ஊன்றி முதல் காட்சியிலிருந்து திருத்துங்கள்.