சிறந்த பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் எது? வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தச் சண்டை பிரிட்டனிலேயே தீர்ந்தபாடில்லை. 2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தொலைக்காட்சித் துறையினரிடம் வாக்குக் கேட்டபோது, நாடகம், செய்தி எல்லாவற்றையும் முந்தி ‘ஃபால்டி டவர்ஸ்’ முதலிடம் பிடித்தது. 2004-இல் சிட்காம்களுக்கு (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களுக்கு) மட்டும் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் பொதுமக்கள் தேர்ந்தெடுத்தது ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’. ‘ஃபால்டி டவர்ஸ்’ ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. யார் போட்ட வாக்கு என்பதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டுவது முதல் தவறு. ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்லி, அரை மணி நேரத்தில் ‘ஃபால்டி டவர்ஸ்’ ஓட்டல்காரர் பேசில் ஃபால்டி தானே மாட்டிக்கொள்ளும் கதைக் கட்டு தொழில் தெரிந்தவர்களை வியக்க வைக்கும். தெருவோரத்தில் சந்தேகத்துக்குரிய சரக்கை விற்றுக்கொண்டே கோடீஸ்வரக் கனவு காணும் ‘ஒன்லி ஃபூல்ஸ்’ நாயகன் டெல் பாயையோ மக்கள் தங்கள் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பார்வையாளர் எண்ணிக்கை. டெல் பாய் ஒருவழியாகக் கோடீஸ்வரனாகும் அத்தியாயத்தை 1996 டிசம்பரில் 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரமிப்பான எண்தான். ஆனால் அது கிறிஸ்துமஸ் விடுமுறை. செயற்கைக்கோள் இணைப்பு இல்லாத வீடுகளுக்குக் கிடைத்தவை நான்கே சேனல்கள். அந்த எண்ணைக் காட்டி 2016-இல் வந்த ‘ஃப்ளீபேக்’ தொடரை மட்டம் தட்டுவது நியாயமில்லை.

“பிரிட்டிஷ்காரர்கள் உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுவார்கள்” என்பதும் பாதி உண்மைதான். ‘ஃபால்டி டவர்ஸ்’ 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தம் 12 அத்தியாயங்களோடு முடிந்தது. ஆனால் ‘டாட்ஸ் ஆர்மி’ 80 அத்தியாயங்கள் ஓடியது. ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ 1973 முதல் 2010 வரை நீண்டது. குறைவாக எடுத்ததற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்தாளர்கள்தான். ஜான் கிளீஸும் கானி பூத்தும் இருவராகவே ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் அத்தனை அத்தியாயங்களையும் எழுதினார்கள். அமெரிக்காவில் அதே வேலைக்கு ஒரு குழுவே உட்காரும். ‘தி ஆபிஸ்’ தொடரின் பிரிட்டிஷ், அமெரிக்க வடிவங்கள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய தொடர்களின் இனக் கேலியைப் பேசும்போதுதான் வாதம் மிக மோசமாகத் தடம் புரள்கிறது. “அந்தக் காலம் அப்படி” என்று ஒரு தரப்பு எல்லாவற்றையும் மன்னிக்கும். மறு தரப்பு எல்லாவற்றையும் குப்பையில் போடும். கேலி யார் மீது விழுகிறது என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை. 1960-களில் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரின் ஆல்ஃப் கார்னெட் இனவெறி பேசுகிறவன். ஜானி ஸ்பெய்ட் அவனை எழுதியது அவனைப் பார்த்து நாம் சிரிப்பதற்காக. அவன் சொல்வது சரிதான் என்று கைதட்டிய ரசிகர்களும் இருந்தார்கள் என்பது வேறு கதை. 1977-இல் வந்த ‘மைண்ட் யுவர் லாங்க்வேஜ்’ அப்படியல்ல. அங்கே ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டு மாணவர்களின் உச்சரிப்பும் தடுமாற்றமுமே நகைச்சுவை. இந்தியாவில் பலர் அதை ரசித்தார்கள், இந்தியிலும் தழுவினார்கள். நாம் சிரித்தோம் என்பதால் கேலியின் திசை மாறிவிடாது. 1998-இல் பிரிட்டிஷ் ஆசியர்கள் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ நிகழ்ச்சியில் அந்தத் திசையைத் திருப்பினார்கள். குடித்துவிட்டு இந்திய உணவகத்தில் இருப்பதிலேயே காரமானதைக் கேட்கும் ஆங்கிலேயர்களைத் தலைகீழாக்கினார்கள்: மும்பையில் குடித்துவிட்டு ஓர் ஆங்கில உணவகத்துக்குள் ரகளையாக நுழையும் இந்தியக் கும்பல், இருப்பதிலேயே சப்பென்ற உணவு எதுவென்று வீராப்பாகக் கேட்கும்.

‘மிஸ்டர் பீன்’ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் முகச்சேட்டை என்று முடிவு கட்டுவது நம் பக்கத்துத் தவறு. மிஸ்டர் பீனாக நடித்த அதே ரோவன் அட்கின்சன் ‘பிளாக்ஆடர்’ தொடரில் நாக்காலேயே ஆளை வெட்டுவார். ஆனால் அதைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது 1983-இல் வந்த முதல் பாகத்தில் தொடங்காதீர்கள். அதில் நாயகன் எட்மண்ட் ஒரு அசடு. பென் எல்டன் எழுத வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவன் தந்திரசாலி ஆகிறான். அங்கிருந்து ஆரம்பியுங்கள். முதல் பாகத்தைப் பிறகு பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.