பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புது ஸ்கேனரும்: எங்கே தவறு நடக்கிறது?

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதாலோ என்னவோ, கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய வேகக் கார்களைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருவரிடம் ஹோண்டா சிட்டி விடெக், இன்னொருவர் ஷெட்டில் எப்போதோ இறக்குமதியான மாஸ்டா மியாட்டா. வண்டி எதுவானாலும் டேஷ்போர்டில் எஞ்சின் செக் லைட் எரிந்ததும் நடப்பது ஒன்றுதான். எஞ்சின் குறையைப் படிக்க ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டுவார்கள், அது இணைப்பு கிடைக்கவில்லை என்று காட்டும். உடனே "ஈசிஎம் போயிருச்சுங்க" என்று தீர்ப்பு. ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் டப்பா. பெரும்பாலும் ஈசிஎம்முக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஸ்கேனரோடு பேச அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் வண்டியின் வருடத்தையும் அது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். வண்டி தன் குறையை எல்லா ஸ்கேனரும் படிக்கும்படி சொல்லும் பொது முறையான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்துதான் கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. நம் ஊரில் பிஎஸ்-4 புகை விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடி, 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். அதனால் 2004இல் இங்கே விற்ற கார் ஓபிடி-2 பேச வேண்டும் என்று கட்டாயமே இல்லை. அமெரிக்காவில் ஓடிய 1996 கார் பேசும், அதே கார் ஜப்பானுக்காகச் செய்யப்பட்டிருந்தால் பேசாமல் போகலாம்.

ஸ்கேனரை மாட்ட 16 பின் கப்ளர் இருந்தால் ஓபிடி-2 என்று நினைப்பது அடுத்த தவறு. 1994, 95 கார்வெட்டில் அந்தக் கப்ளர் உண்டு, உள்ளே ஓடுவதோ கம்பெனியின் பழைய முறை. கப்ளருக்குள் எட்டிப் பாருங்கள். 16ஆவது பின்னில் பேட்டரி கரண்ட், 4, 5இல் எர்த். 7இல் கம்பி இருந்தால் கே-லைன், 6, 14இல் இருந்தால் கேன். இரண்டும் ஈசிஎம் ஸ்கேனரோடு பேசும் முறைகள். விலை குறைந்த நகல் ஸ்கேனர்கள் சில, பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், கேன் தவிர வேறெதையும் ஒழுங்காகப் படிப்பதில்லை. பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வேறெதுவும்தான்.

ஸ்கேனர் இல்லாத காலத்து வண்டிகள் விளக்கைச் சிமிட்டியே குறை சொல்லும். 90களின் ஹோண்டாவில் டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு பின் கப்ளர் இருக்கும். ஒரு சின்னக் கம்பியால் அதை இணைத்து இக்னிஷன் போட்டால் செக் லைட் எண்ணிக் காட்டும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. 6 வந்தால் கூலன்ட் வெப்ப சென்சார், 7 வந்தால் த்ராட்டில் சென்சார். முதல் தலைமுறை மியாட்டாவில் பானட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற முனைகள் இரண்டையும் இணைக்க வேண்டும். அதே பெட்டியில் பேட்டரி கரண்ட் வரும் முனையும் இருக்கிறது. மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கம்பியைச் சொருகினால் ஃப்யூஸ் போகும். இப்படி வரும் குறை எண்தான் கோடு (code). அதை எழுதி வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் நிறைய. கோடு அழிந்துவிடும், வண்டி ஏன் விக்கியது என்று சொல்ல அப்புறம் யாரும் இல்லை.

சரி, கோடு கிடைத்துவிட்டது. உடனே அந்தச் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். காசு அதிகம் போவது இங்கேதான். அந்தக் காலத்து ஈசிஎம்முக்குத் தெரிந்தது கொஞ்சம். கம்பி அறுந்திருக்கிறதா, ஷார்ட்டா, வோல்டேஜ் வரம்புக்குள் இருக்கிறதா, இவ்வளவுதான் அது பார்க்கும். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்றெல்லாம் கண்காணிப்பது ஓபிடி-2 வந்த பிறகு. செக் லைட் எரியவில்லை, அதனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதும் இதனால்தான் பொய்யாகிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் கோடு வந்தால் வேக்கம் ஹோஸில் வெடிப்பு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு, எர்த் கம்பியில் துரு, இவை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சென்சார்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதே அளவு காற்றுக்கு இதில் சுமார் 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசிஎம் ஓரளவு ஈடுகட்டிவிடும். முழு த்ராட்டிலில் அந்தச் சென்சாரைக் கேட்காமல் மனப்பாடக் கணக்கில் ஓடுகிற பழைய ஈசிஎம் அங்கே தடுமாறும், கலவை மெலியும். ஏற்கெனவே கசிவுள்ள வண்டியில் ஈடுகட்டும் வரம்பும் தாண்டி, கலவை மெலிந்துவிட்டது என்ற லீன் கோடு வரும். சென்சார் நான்கு மாற்றினாலும் அந்தக் கோடு போகாது.

'அதே எஞ்சின்தானே' என்று இன்னொரு வண்டியின் ஈசிஎம்மை வாங்கி மாட்டுவது பெரிய வம்பு. மியாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டரில் காற்றின் அளவை ஒரு மடல் திறந்து அளக்கும், 1994 மாடலில் வந்த 1.8இல் சூடான கம்பி அளக்கும். ஒன்றின் ஈசிஎம் மற்றதற்கு ஆகாது. மேனுவல் கியர், ஆட்டோமேட்டிக் என்றாலும் நம்பர் வேறு. ஜப்பான் சந்தைக்கான ஈசிஎம் சில அங்கே கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி இக்னிஷனை முன்னே தள்ளியிருக்கும். நம் பங்க் பெட்ரோலில் வால்பாறை மலை ஏறினால் எஞ்சின் தட்டும். பிந்திய வண்டிகளில் சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் இருந்தால், சாவியும் சேர்ந்து வராத ஈசிஎம்மோடு வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண் முழுசாக ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியன் கையில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இருந்தால் ஈசிஎம் கம்பிகளிடமிருந்து அதைத் தள்ளி வையுங்கள். பல்பு இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டரைக் கருக்கிவிடலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பேட்டரி இறங்கி நாமக்கல் சாலையில் நின்றுவிட்டால் லாரிக்காரர் உதவிக்கு வருவார், நல்ல மனசுதான், ஆனால் கனரக லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். அந்தக் கேபிள் உங்கள் 12 வோல்ட் காருக்கு வேண்டாம். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதோடு ஈசிஎம் கப்ளரையும் பிடுங்கிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து ஈசிஎம்தான் என்று உறுதியானாலும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. 90களின் மிட்சுபிஷி போன்றவற்றில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டர்கள் காலப்போக்கில் கசியும். மூடியைத் திறந்தால் மீன் வாடை வரும். நூற்பாலை மிஷின்களின் எலக்ட்ரானிக் கார்டு சரி செய்கிறவர்கள் கோவை, திருப்பூர்ப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பழகிய வேலை. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது சற்று அதிகம், 105 டிகிரி தாங்கும் ரகம் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். கசிந்த திரவம் போர்டின் செப்புத் தடங்களை அரித்திருந்தால் அதையும் கழுவிக் கம்பி போட்டு இணைக்க வேண்டியிருக்கும். கேபாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு மூடினால் சில மாதத்தில் மறுபடி திறக்க நேரும்.