சேலம் வெயிலுக்கு ஒரு வௌவால் பெட்டி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் பெட்டிக்குள் வராது. சுவரில் மாட்டும் இந்த மரப்பெட்டி, கொசுவும் அந்துப்பூச்சியும் தின்னும் சிறு வௌவால்கள் பகலில் தங்குவதற்கானது. ஓட்டு வீடுகளின் இடுக்கில் பகலெல்லாம் ஒண்டிக் கிடந்தவை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம், அவற்றுக்கு இடுக்கு போச்சு.

என் முதல் பெட்டி ஏதோ ஒரு குளிர்நாட்டு வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. சேலத்துக் கன்னங்குறிச்சியில் மேற்குப் பார்த்த சுவரில், கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டினேன். மே மாதப் பிற்பகலில் உள்ளே தெர்மாமீட்டர் விட்டால் 47 டிகிரி! நல்லவேளை, யாரும் குடிவரவில்லை. குட்டி வளர்க்கும் வௌவால்களுக்கு ஏறத்தாழ 27 முதல் 38 டிகிரி வரை போதும். 40-ஐத் தாண்டினால் ஆபத்து.

சரி, செய்முறைக்கு வருவோம். 2 செ.மீ. கனமுள்ள பழைய பலகை நல்லது. பூச்சிமருந்து ஏற்றிய பலகை வேண்டாம். பெட்டி 75 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே 2 செ.மீ. சந்து, அவ்வளவுதான். பின்பலகை கீழே 12 செ.மீ. நீண்டிருக்கட்டும், வௌவால் வந்து இறங்க. அதன் உட்புறத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு கீறலாக ரம்பத்தால் குறுக்கே கீறுங்கள். இரும்பு வலை அடித்தால் சிறகு கிழியும். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

பெட்டி ஏன் இவ்வளவு உயரம்? மேலே சூடு, கீழே குளிர்ச்சி. வௌவால் தனக்குத் தோதான இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். முன்பலகையில், கீழிருந்து 15 செ.மீ. மேலே ஒரு செ.மீ. அகலத்தில் குறுக்குவாக்கில் ஒரு பிளவு விட்டால் காற்று ஓடும்.

நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் வில்லன். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதனால் கூரைக்கு மேல் 3 செ.மீ. இடைவெளி விட்டு இன்னொரு பலகையைக் குடைபோலப் பொருத்துங்கள். வெளியே மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். கிழக்குப் பார்த்த சுவர் சிறந்தது, மேற்கு கூடவே கூடாது.

ஏற்காட்டில் கணக்கு வேறு. சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம், ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அங்கே பிளவும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். வெளியே பழுப்பு நிறம் அடித்து, காலை வெயில் படும் தென்கிழக்குச் சுவரில் மாட்டுங்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் மாட்ட ஆசை வரும். நிழலும் கிளைகளும் இடைஞ்சல், கட்டிடச் சுவரே மேல்.

மாட்டும் உயரம் நாலு மீட்டர். வௌவால் கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும். அடியில் கிளை, ஒயர் எதுவும் கூடாது. தெருவிளக்கு வெளிச்சமும் ஆகாது.

வௌவால் வரும் முன்னரே ஒரு வாரம் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் கீழும் பாருங்கள். கீழ்ப்பாதியும் 40-ஐத் தொட்டால் இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம் பொறுமை. ஓரிரு வருடம்கூட ஆகலாம். விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் ரேபிஸ் ஊசிக்கு உடனே போங்கள். பெட்டிக்கு அடியில் புழுக்கை கிடந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். பொடியாகி உள்ளே பூச்சிச் சிறகு மின்னினால் வௌவால் வந்துவிட்டது. கெட்டியாக இருந்தால் அது எலி.