காப்பகப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாட்டைத் திட்டமிடுவது எப்படி

3 முதல் 5 வயதுவரை உள்ள 10 பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி அரை கிலோ, துவரம்பருப்பு 200 கிராம், காய் அரை கிலோ, எண்ணெய் 50 மில்லி போதும். பருப்பு, முட்டை, சுண்டல் எந்தெந்த நாள் என்பதை முதலில் எழுதுங்கள்; காயைச் சந்தை விலை பார்த்துப் பிறகு நிரப்பலாம். அரிசியிலிருந்து தொடங்கினால் வாரம் முழுக்கச் சோறும் நீர்த்த சாம்பாருமாகவே முடியும்.

காலைக்கு, வேலூர்ப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கேழ்வரகுதான் சரி. 200 கிராம் மாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை லிட்டர் கொதிநீரில் ஊற்றி, சிறுதீயில் 10 நிமிடம் கிளறுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்து 50 கிராம் சேருங்கள். ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். முழுக்கடலை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்.

முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள், பருப்போடு. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். சாப்பாட்டோடு டீ கூடாது, பால் மாலைக்கு.

கீரையைத் துப்பும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள், அடுத்த முறையும் வையுங்கள். பழக பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம்.

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த சோற்றைக் கொட்டிவிடுங்கள். திரும்பச் சூடு பண்ணினாலும் சில கிருமிகளின் நஞ்சு போகாது.